பத்து தீகா வரைக்கும்

நோய் வந்ததற்காக லட்டு கொடுத்த ஆளை இந்த உலகத்தில் நான் ஒருவனைத்தான் பார்த்திருக்கிறேன். அவன் பெயர் அய்யாவு. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு ஓடிய பஸ்ஸில் அவன் கண்டக்டர், நான் டிரைவர். என் பெயர் பக்கிரிசாமி. அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது அவனைப் பற்றித்தான்.

பஸ் ஓட்டாதவர்களுக்கு ஒன்று தெரியாது. டிரைவர் கண்டக்டரின் முகத்தை அதிகம் பார்ப்பதில்லை. நாள் முழுவதும் முதுகுக்குப் பின்னால் வருகிற குரல்தான் அவனுக்குக் கண்டக்டர். எங்கே நிறுத்த வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் எல்லாம் அந்தக் குரல் சொல்லும். கூட்டம் அதிகமானால் டிக்கெட்டில் துளை போடும் இரும்புக் கருவியால் கம்பியில் தட்டுவான். ஒரு தட்டு நிறுத்து, இரண்டு தட்டு போ. அய்யாவுவின் குரல் இருக்கிறதே, அது மைக் செட் வைக்காத மைக் செட். "பாடாங் ஜாவா, சுங்கை ராசாவ், பத்து தீகா, சுபாங்" என்று அவன் கிள்ளான் பஸ் ஸ்டாண்டில் நின்று கூவினால் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருப்பவர்கள்கூட மீதிச் சில்லறையை மறந்துவிட்டு ஓடி வருவார்கள்.

எழுபத்தேழாம் வருடம் அந்தக் குரலில் ஏதோ கோளாறு வந்தது. காலை முதல் டிரிப்பில் வெண்கலமாக இருக்கும். மத்தியானத்துக்கு மேல் மூக்கால் பேசுவான். சாயங்காலம் வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிறவன் மாதிரி ஆகிவிடும். சளி என்று நினைத்தேன். மாதக்கணக்கில் சளி பிடித்தவனை யார் பார்த்திருக்கிறார்கள்?

பிறகு கண் தொடங்கியது. பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. ஒருநாள் சுபாங்கில் ஏறிய ஒரு சீனத்துப் பெண்மணிக்கு டிக்கெட் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்த காலி இடத்தைக் காட்டி, "அந்த ஆன்டிக்கு?" என்று கேட்டான். அந்த அம்மாள் பக்கத்தில் திரும்பிப் பார்த்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. பேய் என்று நினைத்ததோ என்னவோ. பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். மாலையில் அவனுடைய இமைகள் பாதி மூடிக் கிடப்பதைக் கண்ணாடியில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அது சம்சு என்கிற மலிவுச் சாராயம் எங்கள் ஆட்களில் பல குடும்பங்களைக் கெடுத்துக்கொண்டிருந்த காலம். நாக்குக் குழறி, கண் சொருகி, கால் தள்ளாடினால் வேறு காரணத்தை யாரும் தேடமாட்டார்கள். டிப்போவில் அவனுக்குக் குடிகாரன் என்று பெயர் வந்துவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், குடிக்கிற ஆள் நான். லீவு நாளில் கள்ளுக்கடைக்குப் போய் வருகிறவன். அய்யாவு வெறும் பியர் பாட்டிலைக்கூடக் கையால் தொடமாட்டான். எனக்கு டிப்போவில் நல்ல மனுஷன் என்று பெயர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் குடிக்கிறவன் போய்க் குடிக்காதவனுக்குச் சாட்சி சொன்னால் எடுபடுமா?

டிக்கெட் சோதிக்க வருகிற செக்கர் இராமலிங்கம் ஒருநாள் பங்சாரில் ஏறினார். அய்யாவு அவரிடம் பேச வாயைத் திறந்தான், வார்த்தைகள் வழுக்கிக்கொண்டு வந்தன. அவர் அவன் முகத்தருகே மூக்கைக் கொண்டுபோய், "ஊது" என்றார். பஸ் நிறைய ஆட்கள். தைப்பூசத்துக்கு விரதம் இருந்துகொண்டிருந்தவன், ஊதினான்.

"இஞ்சி வாடை வருது. எதையோ மென்னு மறைச்சிருக்கான்" என்றார் இராமலிங்கம்.

"சார், அது அவன் சம்சாரம் வச்ச ரசம்லா" என்றேன் நான், சீட்டில் இருந்தபடியே.

"நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு."

அன்றைக்குப் பிறகு அய்யாவு நடிக்கக் கற்றுக்கொண்டான். தலை தொங்கும்போது ஏதோ யோசிக்கிறவன் மாதிரி மோவாயைக் கையில் தாங்கிக்கொள்வான். இமை விழுந்தால் வெயிலில் கண் கூசுகிறவன் மாதிரி அண்ணாந்து பார்ப்பான். பிற்பகலில் பேச்சை மூட்டைகட்டி வைத்துவிட்டு எல்லாவற்றையும் கம்பியில் தட்டியே முடித்துக்கொள்வான். ஆள் நிமிர்ந்து நிற்பது எப்படி என்று பள்ளிக்கூடம் வைத்து நடத்தலாம், அவ்வளவு தேர்ந்துவிட்டான்.

அவனைக் காப்பாற்றியது அவன் மனைவி தங்கமணியின் பிடிவாதம்தான். மேருவில் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்தாள். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அவன் குடித்த தண்ணீர் மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். மறுநாளே அவள் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு அவனைக் கோலாலம்பூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அதற்கு முன் பார்த்த கிளினிக்கில் எல்லாம் சத்து மாத்திரையும் நன்றாகத் தூங்கச் சொல்லும் யோசனையும்தான் கிடைத்திருந்தன.

அங்கே குணபூசணி என்று ஒரு டாக்டரம்மா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸ். அவர் அவனைக் கூரையைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னாராம். கொஞ்ச நேரத்தில் இரண்டு இமைகளும் கடை ஷட்டர் மாதிரி இறங்கிவிட்டன. பிறகு கையில் ஒரு ஊசி போட்டார். போட்ட சற்று நேரத்தில் கண் அகலத் திறந்துகொண்டது. பல மாதமாகப் பாதிக் கண்ணையே பார்த்துப் பழகியிருந்த தங்கமணி அங்கேயே அழுதுவிட்டாள்.

"இதுக்கு மயஸ்தீனியா எண்டு பேர்" என்றார் டாக்டரம்மா. "நரம்பு சொல்லுற சேதி தசைக்குச் சரியாப் போய்ச் சேருதில்லை. வேலை செய்யச் செய்யக் களைக்கும். ஆறி இருந்தால் திரும்பி வரும். அதுதான் காலமை நல்லாய் இருக்கிறியள், பின்னேரம் விழுந்து போறியள்."

"டாக்டர், இது குடியில்லதானே?" என்றான் அய்யாவு.

"குடிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனா முற்றாய் மாறாது. வாழ்நாள் முழுக்க மருந்து எடுக்க வேணும்."

அவன் காதில் முதல் வாக்கியம் மட்டும்தான் விழுந்தது என்று தங்கமணி பிறகு என்னிடம் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் லட்டு வாங்கியிருக்கிறான். மறுநாள் காலை டிப்போவில் டிரைவர், கண்டக்டர், பஸ் கழுவுகிறவர், கேன்டீன்காரர் என்று ஒருவரையும் விடவில்லை.

"என்னா விசேஷம்? வீட்ல மூணாவதா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே. எனக்கு வியாதின்னு சொல்லிட்டாங்க."

அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து கடித்த லட்டை அப்படியே கையில் வைத்துக்கொண்டேன். ஒரு மனுஷனைத் தீராத நோய் வந்ததற்கு மகிழ்கிற நிலைக்குக் கொண்டுவந்து விட்டோமே என்று நினைத்தேன். இராமலிங்கம் மட்டும் லட்டை எடுத்துக்கொள்ளவில்லை. சர்க்கரை வியாதி என்றார்.

மாத்திரையோடு பல வருடம் வேலை ஓடியது. நேரத்துக்கு மாத்திரை, மெத்தென்று குழைத்த சாதம், டிரிப் முடிந்ததும் பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்து ஓய்வு. நான் வேண்டுமென்றே டீயை மெதுவாகக் குடித்து நேரத்தை இழுப்பேன். பழைய பயணிகளும் ஒத்துழைத்தார்கள். பேய்க்குப் பயந்த அந்தச் சீனத்து ஆன்டி, மாலை நேரத்தில் தானே "சுபாங், சுபாங்" என்று குரல் கொடுத்து இறங்கும். ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. புதிதாக ஒரு ஆபீசரைக் கண்டால் அய்யாவு உடனே நிமிர்ந்து மோவாயைத் தாங்கிக்கொள்வான். நோயின் பெயர் தெரிந்த பிறகும் அந்தப் பழைய பயம் உடம்பை விட்டுப் போகவில்லை.

எண்பத்தைந்தில் மாத்திரைக்கு நோய் அடங்கவில்லை. ஒரு காய்ச்சல் வந்தது, அதோடு மூச்சும் திணறியது. ஆஸ்பத்திரியில் மெஷின் வைத்துத்தான் பிழைக்கவைத்தார்கள். டாக்டர் குணபூசணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இனி வேலைக்குப் போனால் மறுபடி மூச்சு நிற்கும், அடுத்த முறை ஆஸ்பத்திரி வந்து சேர நேரம் கிடைக்காமல் போகலாம் என்று. சம்பளத்தில் மாதா மாதம் சொக்சோ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்திருக்கிறார்களே, உழைக்க முடியாதவர்களுக்கு அதில் பென்ஷன் உண்டு, அதற்கு எழுதிப்போடுங்கள் என்றும் சொன்னார். அந்தப் பென்ஷன் கிடைத்தால் அவன் வீட்டில் இருக்கலாம். கிடைக்காவிட்டால், இரண்டு பிள்ளைகள் படிக்கிற வீட்டில் அவன் சும்மா இருக்கமாட்டான், மறுபடி பஸ் ஏறிவிடுவான். அது தங்கமணிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மெடிக்கல் போர்டுக்குக் கூப்பிட்டார்கள். காலை முதல் ஆள். அய்யாவு என்ன செய்தான் தெரியுமா? முதல்நாள் முழுக்கப் படுத்து ஓய்வெடுத்தான். காலையில் முழுகி, சவரம் செய்து, திருநீறு பூசி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டான். நேரத்துக்கு மாத்திரை. பெரிய ஆபீசர்கள் முன்னால் போகும்போது நம் ஆட்கள் எப்படிப் போவோமோ அப்படி. தங்கமணிக்கு லீவு கிடைக்கவில்லை, தனியாகத்தான் போனான்.

மாலையில் அவன் வீட்டுக்குப் போனேன். நடந்ததை அவனே மூக்கால் பேசிச் சொன்னான்.

"கையைத் தூக்க முடியுமான்னு கேட்டாங்கண்ணே. போலே, முடியும் டாக்டர்னு தூக்கிக் காட்டினேன். நடக்க முடியுமா? போலே. மாடிப்படி ஏறுவியா? போலே. சாப்பிட முடியுதா? போலே. ரொம்ப மரியாதையா பேசினாங்க."

தங்கமணி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள். "எல்லாத்துக்கும் முடியும் முடியும்னு சொல்லிட்டு வந்தீங்களா? அப்புறம் எதுக்கு உங்களுக்கு பென்ஷன் குடுப்பாங்க? ஒலிம்பிக்குக்குத்தான் அனுப்புவாங்க."

"ஆபீசர் கேக்கறப்ப முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

"வாயால சொல்றதுலா."

அவன் குனிந்து சட்டைப் பொத்தானைக் கழற்றினான். பிறகு மெதுவாகச் சொன்னான். "தள்ளாடிக் காட்டினா, இவன் குடிச்சிட்டு வந்திருக்கான்னு நினைச்சுட்டாங்கன்னா?"

அவள் கையில் இருந்த கரண்டி இறங்கிவிட்டது. எனக்கு அன்றைக்குத்தான் முழுதும் புரிந்தது. குடிகாரன் இல்லை என்று காட்டுவதற்காகப் பல வருடம் பழகிய நடிப்பை, அவன் அங்கேயும் கொண்டுபோய் அரங்கேற்றிவிட்டு வந்திருக்கிறான். போர்டைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அவர்கள் முன்னால் நின்றது திருநீறு பூசிய ஆரோக்கியமான ஒரு மனுஷன். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்று பதில் வந்தது. அய்யாவு சீருடையை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டான். தங்கமணி அதைக் கொடியிலிருந்து உருவி அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தாள்.

அவளே அவனை மறுபடி டாக்டர் குணபூசணியிடம் கொண்டுபோனாள். அப்பீல் செய்யலாம் என்றார் அவர். அய்யாவுவுக்கு ஒரு யோசனை வந்தது, மாத்திரை போடாமல் போனால் நோய் தெரியுமே என்று கேட்டானாம். டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்த விளையாட்டெல்லாம் வேண்டாம். மூச்சு நிண்டு போம். மருந்து எடுக்க வேண்டிய நேரத்துக்கு எடுங்கோ. ஒண்டையும் கூட்டிக் காட்ட வேண்டாம், குறைச்சுக் காட்டவும் வேண்டாம். நீங்கள் மறைக்காமல் இருந்தாலே போதும்."

அப்பீல் விசாரிக்கிறவர்கள் வேறு டாக்டர்கள். இந்த முறை மத்தியானத்துக்குப் பிறகு நேரம் கொடுத்திருந்தார்கள், அதுவும் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போயிருந்தேன். வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போதே அவன் கை மோவாய்க்குப் போயிற்று. தங்கமணி அதைப் பிடித்துக் கீழே இறக்கி மடியில் வைத்தாள். மறுபடி போயிற்று. மறுபடி இறக்கினாள். தலை கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கியது. வராந்தாவில் போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அவன் காது சிவந்துவிட்டது. ஆனால் கை மறுபடி போகவில்லை.

பெயரைக் கூப்பிட்டதும் இருவரும் உள்ளே போனார்கள். நான் வெளியே பெஞ்சில், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. என்ன வேலை செய்தாய் என்று ஒரு டாக்டர் மலாயில் கேட்பது கேட்டது. பஸ் கண்டக்டர் என்றான். கண்டக்டர் என்றால் எப்படிக் கூப்பிடுவாய், கூப்பிட்டுக் காட்டு, நிறுத்தாமல் கூப்பிடு என்றார் அவர்.

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு என் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"கிள்ளான். பாடாங் ஜாவா."

சொன்னால் நம்பமாட்டீர்கள், என் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. எத்தனை வருடம் அந்தக் குரலுக்கு நிறுத்தியிருக்கிறேன், அந்தக் குரலுக்கு எடுத்திருக்கிறேன். இப்போது அது மூக்கால் வந்தது. சுங்கை ராசாவ் என்பதில் பாதிதான் வெளியே வந்தது. பஸ்ஸாக இருந்தால் இந்த இடத்தில் அவன் நிறுத்திவிடுவான். கருவியை எடுத்துக் கம்பியில் தட்டத் தொடங்கிவிடுவான், யாருக்கும் ஒன்றும் தெரியாது. இங்கே தட்டக் கம்பி இல்லை. நிறுத்திவிடுவானோ, சமாளித்துவிடுவானோ என்று நான் பெஞ்சின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். விடாதே அய்யாவு, எல்லாம் கேட்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"பத்து... தீ..."

அவ்வளவுதான். அதற்கு மேல் குரல் இல்லை, காற்றுதான் வந்தது. அந்தக் காற்றையும் அவன் மறைக்கவில்லை. சுபாங் என்று சொல்ல முயற்சி செய்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. அதைப் பொறுக்கமுடியாமல் நானே "சுபாங்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். எதிரே போன நர்ஸ், "இங்க சுபாங் பஸ் வராது அங்கிள்" என்றாள்.

உள்ளே நடந்ததைத் தங்கமணி பிறகு சொன்னாள். இமை இரண்டும் மூடி, மோவாய் நெஞ்சில் விழுந்து, உதட்டோரம் எச்சில் வழிய அவன் நின்றிருக்கிறான். கையைத் தூக்க முடியுமா என்று ஒரு டாக்டர் கேட்டார். அவன் தொங்கிய தலையை ஆட்டி முடியாது என்று காட்டினான். உடனே அந்த டாக்டர் எழுந்து வந்து அவன் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, போதும், இனிக் கஷ்டப்பட வேண்டாம் என்றாராம். ஒருவரும் அவன் வாயை மோந்து பார்க்கவில்லை.

வெளியே வந்து அரை மணிநேரம் அவன் என் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தான். கொஞ்சம் குரல் திரும்பியதும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "பத்து தீகா வரைக்கும்தான் போக முடிஞ்சதுண்ணே."

"போதும்டா. அது போதும்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, மூக்கைச் சிந்திச் சமாளித்தேன்.

பென்ஷன் கிடைத்துவிட்டது. செய்தி வந்த மறுநாள் காலை டிப்போவுக்கு அவன் வந்தான், குரல் வெண்கலமாக இருக்கிற நேரம் பார்த்து. கையில் ஒரு பெரிய பெட்டி. திறக்காமலே தெரிந்துவிட்டது எனக்கு. இராமலிங்கம் அப்போது செக்கர் இல்லை, டிப்போவுக்கே பொறுப்பாளர் ஆகியிருந்தார். அவர் மேசைக்குத்தான் முதலில் போனான்.

"இப்ப என்னாத்துக்கு லட்டு?" என்றார்.

"என்னால வேலை செய்ய முடியாதுன்னு பெரிய டாக்டருங்களே ஒத்துக்கிட்டாங்க சார்."

அவர் பெட்டியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். அய்யாவு சிரித்துக்கொண்டே குனிந்து முகத்தை அவர் அருகில் கொண்டுபோனான். "ஊதிக் காட்டட்டுமா சார்?"

இராமலிங்கத்தின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அதெல்லாம் வேணாம்லா, அய்யாவு" என்று சொல்லிவிட்டு ஒரு லட்டை எடுத்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி என்பது எங்களுக்கெல்லாம் ஞாபகம் இருந்தது. ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

பெட்டியோ கனம். அவன் கை மெல்ல நடுங்கி இறங்கத் தொடங்கியது. பழைய அய்யாவுவாக இருந்தால் ஏதோ யோசிக்கிறவன் மாதிரி மேசையில் ஊன்றிக்கொண்டு சமாளித்திருப்பான். இவன் பெட்டியை இராமலிங்கத்தின் பக்கம் நீட்டினான்.

"இதைக் கொஞ்சம் பிடிங்க சார், என்னால முடியாது."

அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து அவ்வளவு இலேசாக வந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. இராமலிங்கம் எழுந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். அய்யாவு நாற்காலியில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தான். கேன்டீன் வரைக்கும் எல்லோருக்கும் லட்டு கொடுத்து முடிக்கிற வரையில் இராமலிங்கமே அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.